செம்மரமும் சோலைக்கிளியும் ஒரே வகுப்பில் இருப்பது எப்படி?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் திரும்பச் சொல்லிவிடுகிறேன். செம்மரம் லாரி லாரியாகப் பிடிபடுவதை வாரந்தோறும் செய்தியில் பார்க்கிறீர்கள். நீலகிரி சோலைக்கிளியையோ மூன்று முறை ஊட்டிக்குப் போயும் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ஆனால் எந்த உயிரினம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று வகுக்கும் உலகச் சிவப்புப் பட்டியல் இரண்டையும் ‘அருகிய இனம்’ என்ற ஒரே வகுப்பில் வைத்திருக்கிறது. இரண்டில் ஒன்று தவறாகத்தானே இருக்க வேண்டும், ஒன்றுக்குத்தான் உதவ முடியும் என்றால் எதற்கு உதவுவது, உங்களிடம் உள்ள இரண்டு ஏக்கரில் செம்மரம் நட்டால் அந்த இனத்தைக் காப்பாற்றியதாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. கண்ணில் படாதது எல்லாம் ஆபத்தில் இருக்கிறதா, கண்ணில் நிறையப் படுவது எல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்பதுதான் அது. அதற்குப் பதில் கிடைத்தால் மற்றவற்றுக்கும் கிடைத்துவிடும்.

நான் தாவரக்காரன். இருபத்தேழு ஆண்டுகள் காட்டு மரங்களைக் கணக்கெடுப்பதிலும் நாற்றங்காலிலும் கழிந்தன. செம்மரத்தைப் பற்றி நான் சொல்வது கையால் தொட்டு அறிந்தது. பறவை விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. பறவை ஆய்வு செய்யும் நண்பர்களோடு மலைச் சோலைக் காடுகளில் நடந்தும், அவர்கள் எழுதியதைப் படித்தும் கற்றுக்கொண்டேன். எந்த இடத்தில் எது பேசுகிறது என்று பிரித்துப் படித்துக்கொள்ளுங்கள்.

செம்மரம், செஞ்சந்தனம், தெலுங்கில் எர்ர சந்தனம் என்று எந்தப் பெயரில் சொன்னாலும் அதற்கும் உண்மையான சந்தனத்துக்கும் உறவு கிடையாது. வேங்கை மரத்தின் நெருங்கிய சொந்தம் அது. வாசனை இல்லை. ஆந்திரத்தின் தென்கோடியில் கடப்பை, சித்தூர், நெல்லூர் பக்கத்து மலைகளில், சேஷாசலம், வெலிகொண்டா, லங்கமலை, பாலகொண்டா என்று சில தொடர்களில்தான் பெரும்பாலும் இயற்கையாக வளர்கிறது. தமிழ்நாட்டின் வட எல்லை மலைகளிலும் கொஞ்சம் உண்டு. உலகில் வேறெங்கும் தானாக முளைப்பதில்லை. உங்கள் வீட்டுக் கொலுப் பெட்டியில் பாட்டி காலத்து மரப்பாச்சி இருந்தால் எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள். அது அசல் செம்மரமாக இருந்தால், அந்த அளவுள்ள மரத்துண்டு இவ்வளவு கனக்குமா என்று வியப்பாக இருக்கும். செம்மரத்தின் வைரம், அதாவது தண்டின் நடுவில் இருக்கும் கெட்டியான சிவப்பு மரம், தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். ஈரக் கல்லில் உரசினால் குங்குமக் குழம்பு போலச் சிவப்பு வரும்.

சோலைக்கிளியைப் பற்றிச் சொல்லும்போது முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். கிளி என்றதும் பச்சைக் கிளியை நினைத்துவிடாதீர்கள். மலையாளத்தில் சிறு பறவை எதையும் கிளி என்பார்கள். அந்தப் பொருளில் வந்த பெயர் இது. சிட்டுக்குருவிக்கும் மைனாவுக்கும் நடுவில் வரும் அளவு. முதுகு கருநீலம், விலாவில் செம்பழுப்பு, வயிறு வெள்ளை, கண்ணுக்கு மேல் ஒரு மெல்லிய வெண்கோடு. 2017ஆம் ஆண்டில் பறவை ஆய்வாளர் வி.வி. ராபினும் அவருடைய குழுவினரும் மரபணுவை ஆராய்ந்து, இது வேறெந்தப் பேரினத்திலும் (நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் தொகுதி) சேராது என்று காட்டி ‘ஷோலிகோலா’ என்ற புதுப் பேரினத்தை வைத்தார்கள். சோலையில் குடியிருப்பது என்று பொருள். நம்முடைய ‘சோலை’ என்ற சொல் அறிவியல் பெயரிலேயே உட்கார்ந்துகொண்டதில் எனக்கு இன்றும் மகிழ்ச்சி.

இனி பட்டியலுக்கு வருவோம். ஐயுசிஎன் எனப்படும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்தப் பட்டியலைத் தயாரிக்கும்போது, எத்தனை உயிர்கள் மிச்சம் இருக்கின்றன என்ற ஒரே கேள்வியைக் கேட்பதில்லை. ஐந்து தனித்தனி வாசல்கள் வைத்திருக்கிறது. எந்த வாசல் வழியாக உள்ளே வந்தாலும் வகுப்பு கிடைத்துவிடும். முதல் வாசல், எவ்வளவு வேகமாகக் குறைந்தது என்பது. பத்து ஆண்டுகளில் அல்லது மூன்று தலைமுறைக் காலத்தில், இவற்றில் எது நீளமோ அதற்குள், பாதிக்கு மேல் குறைந்திருந்தால் ‘அருகிய இனம்’. இரண்டாம் வாசல் இடம். பரவியிருக்கும் பரப்பு 5,000 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கி, அது துண்டு துண்டாகி, மேலும் சுருங்கிக்கொண்டும் இருந்தால் அதே வகுப்பு. மூன்றாவதும் நான்காவதும்தான் தலைகளை எண்ணுபவை. இனப்பெருக்க வயதில் 2,500க்கும் குறைவாக இருந்து குறைந்துகொண்டே வருவது ஒன்று, 250க்கும் குறைவாக இருப்பது இன்னொன்று. ஐந்தாவது, அழிந்துபோகும் வாய்ப்பு எவ்வளவு என்று கணித மாதிரிகளை வைத்துச் செய்யும் கணிப்பு.

செம்மரம் முதல் வாசல் வழியாக வந்தது. கடந்த மூன்று தலைமுறைகளில் பாதிக்கு மேல் போய்விட்டது என்பதே அதன் மீதுள்ள குறிப்பு. சோலைக்கிளி இரண்டாம் வாசல் வழியாக வந்தது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, பெரும்பாலும் 1,200 மீட்டருக்கு மேல், நீலகிரியிலும் அதையொட்டிக் கர்நாடகப் பக்கம் போகும் சில மலைகளிலும் உள்ள சோலைகள்தான் அதன் மொத்த உலகம். ஆகவே பட்டியலில் தவறு இல்லை. ஒரே வார்டில் படுத்திருக்கும் இரண்டு நோயாளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு இரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, இன்னொருவருக்கு மூச்சுவிட இடமில்லை.

‘மூன்று தலைமுறை’ என்ற சொல்லில்தான் மரமும் பறவையும் உண்மையாகப் பிரிகின்றன. தலைமுறை என்பது இங்கே, இன்று பிறக்கும் குட்டிகளின் பெற்றோருக்குச் சராசரியாக என்ன வயது என்ற கணக்கு. சிறிய பாடும் பறவைக்கு அது ஏறக்குறைய மூன்று நான்கு ஆண்டுகள். மூன்று தலைமுறை என்றால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் முடிந்துவிடும். ஓர் ஆய்வு மாணவர் பட்டம் வாங்கி, வேலைக்குச் சேர்ந்து, குழந்தை பெறுவதற்குள் ஒரு பறவை இனத்தின் சரிவை முழுதாகப் பார்த்துவிடலாம். செம்மரம் மெதுவாக வளர்வது. காட்டில் ஒரு நாற்று தீயையும் மாட்டையும் தாண்டி, விதை தரும் மரமாகி, அது தந்த விதைகளில் ஒன்று மறுபடி நின்று காய்க்க வேண்டும். மூன்று தலைமுறை என்று எடுத்தால் நம் தாத்தாவின் தாத்தா காலத்துக்குப் போய்விடுவோம். அன்று அங்கே எத்தனை மரம் இருந்தது என்று எண்ணி வைத்தவர் யாரும் இல்லை. இன்று நிற்பதன் பருமனை வைத்தும், வெட்டுப்பட்ட அடிமரங்களை வைத்தும், கடத்தலில் பிடிபட்டதை வைத்தும் பின்னோக்கிக் கணிக்கிறோம். ஆகவே குறைந்திருக்கிறது என்பது உறுதி, சரியாக எவ்வளவு என்பது கணிப்பு.

இதற்கு ஒரு சான்றும் இருக்கிறது. பட்டியலில் செம்மரம் 1998இல் அருகிய இனமாக இருந்தது. 2018இல் இரண்டு படி இறக்கி, ஆபத்தை நெருங்கும் நிலை என்று வைத்தார்கள். 2021இல் மறுபடி அருகிய இனம் ஆக்கினார்கள். மூன்றே ஆண்டில் ஒரு மரக்காடு நலமடைந்து மறுபடி நோயுறாது. கையில் இருந்த தகவலும் அதை எடைபோட்ட விதமும்தான் மாறியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. இதைக் காட்டிப் பட்டியலையே நம்பக்கூடாது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மெதுவாக வாழும் உயிரை அளக்கும்போது அளவுகோல் கொஞ்சம் ஆடத்தான் செய்யும்.

சேஷாசலத்தின் ஒரு சரிவில் நாங்கள் செய்த கணக்கெடுப்பு ஒன்றைச் சொல்கிறேன். வெள்ளைப் படிகப் பாறையும் சரளையும் கலந்த நிலம். மே மாதம். மண் என்று கையில் அள்ள ஒரு பிடி கிடைக்காது. அங்கேதான் இந்த மரம் விரும்பி நிற்கிறது. பட்டை முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். மார்பு உயரத்தில் நாடாவைச் சுற்றி அளந்து ஒருவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முதல் நாள் மாலை ஏட்டைப் புரட்டியபோது, எண்ணிக்கையில் மரங்களுக்குக் குறைவே இல்லை. நூற்றுக்கணக்கில் இருந்தன. ஆனால் எல்லாச் சுற்றளவும் குச்சிகள், கம்புகள், கழிகள். இரண்டு கை சேர்த்து அணைக்கும்படியான ஒரு மரம் அந்தச் சரிவில் இல்லை. அவை நின்ற இடத்தில் தரையோடு வெட்டிய அடிமரங்கள் இருந்தன. பழைய வெட்டு சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. புதிய வெட்டு ஒன்றில் விளிம்பில் வெளிறிய வெள்ளை மரம் ஒரு வளையம், அதற்குள் ஆட்டு ஈரலின் நிறத்தில் வைரம். அதைச் சுற்றிலும் ஏழெட்டுத் தளிர்க் கொம்புகள் கிளம்பியிருந்தன. எங்களோடு வந்த வனக்காவலர், ‘மரம் சாகலை சார், பாருங்க’ என்று தெலுங்கும் தமிழும் கலந்து சொன்னார். அவர் சொன்னது உண்மை. செம்மரம் வெட்டினால் தழைக்கும். ஆனால் தழைத்த கொம்பு, வெட்டுப்பட்ட அதே மரம்தான். புது உயிர் இல்லை. அந்தச் சரிவில் நான் விதையிலிருந்து முளைத்த இளங்கன்றுகளை விரல்விட்டு எண்ணும்படிதான் கண்டேன்.

நீங்கள் கேட்ட லாரிக்குப் பதில் இங்கே இருக்கிறது. லாரியில் வருவது நிறைய இருப்பதால் வருவதன்று. பருத்த மரங்களைத் தேடித் தேடி எடுத்து வருவது. அவைதான் நிறைய விதை தரும் தாய் மரங்கள். ஒரு மரம் மறைந்த செய்தி காட்டுக்குத் தெரிய முப்பது நாற்பது ஆண்டு ஆகும். அதுவரை தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு மலை பச்சையாகவே இருக்கும். ஒரு பறவை இனம் இப்படி ஏமாற்ற முடியாது. வயதான பறவைகள் மட்டும் அறுபது ஆண்டு உட்கார்ந்துகொண்டு கூட்டம் இருப்பதாகக் காட்டாது. குஞ்சு பொரிப்பது நின்றால் ஐந்தாறு ஆண்டில் சோலை மௌனமாகிவிடும்.

இனிப் பறவை. கோத்தகிரியில் லாங்வுட் சோலை என்று ஒன்று இருக்கிறது. ஊரையும் தேயிலைத் தோட்டங்களையும் ஒட்டி, தப்பிப் பிழைத்த ஒரு துண்டுக் காடு. பறவை நண்பர் ஒருவரோடு விடிவதற்கு அரைமணி நேரம் முன்பே உள்ளே போய் ஓடைக் கரையில் உட்கார்ந்தோம். டார்ச் அடிக்கக் கூடாது, பேசக் கூடாது. குளிரில் விரல் மரத்துவிட்டது. முதலில் ஒரு சீழ்க்கை, மிக உயரத்தில் ஆரம்பித்து இறங்கி வந்து, நடுவில் ஒரு கரகரப்பு, பிறகு மறுபடி சீழ்க்கை. நண்பர் விரலால் திசையைக் காட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சம் வந்த பிறகு, அழுகிய இலைகளுக்கு மேல் பத்தடி தூரத்தில் ஒரு கருநீல நிழல் தத்திக்கொண்டே போனது. இரண்டு தத்தல், நின்று தலையைச் சாய்த்தது, ஓர் இலையைப் புரட்டியது, மறுபடி இரண்டு தத்தல். அரை நிமிடம் இருக்கும். பிறகு குறிஞ்சிப் புதருக்குள் போய்விட்டது. நீங்கள் மூன்று முறை போயும் பார்க்கவில்லை என்பது இதனால்தான். அது குறைவாக இருப்பது ஒரு காரணம், இருட்டான தரையோரத்தில் வாழ்வது இன்னொரு காரணம். அதைக் கண்ணால் எண்ணுவதில்லை, காதால் எண்ணுகிறார்கள். சில துண்டுச் சோலைகளில், சோலைக்குள் கணிசமாகவே இருக்கிறது. சோலையை ஒட்டிய வீட்டின் சமையலறைக்குப் பின்னால்கூட ஒருமுறை அதைப் பார்த்திருக்கிறேன். காணக் கிடைக்காதது எல்லாம் அழிவின் விளிம்பில் இருப்பதாக முடிவு செய்துவிட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆனால் அதன் நோய் வேறு. சோலை என்பது மலை மடிப்புகளில், ஓடையை ஒட்டி, புல்வெளிக்கு நடுவே தீவு தீவாக இருக்கும் காடு. இயற்கையிலேயே துண்டுகள்தாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் விறகுக்கென்று தைல மரத்தையும், வாட்டில் எனப்படும் சீகை மரத்தையும் கொண்டுவந்து நட ஆரம்பித்தார்கள். பிறகு தேயிலை வந்தது. விடுதலைக்குப் பின் நம் அரசுகளும் புல்வெளியைத் தரிசு என்று நினைத்து மரத்தோட்டம் போட்டன. பழனி மலையில் செய்த ஓர் ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து காட்டியது. நீலகிரியின் கதையும் அதே குடும்பத்துக் கதைதான். சோலைக்கிளிக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். புல்வெளியில் அது வாழ்வதில்லையே. இங்கேதான் மரபணு ஆய்வு பேசுகிறது. கணவாய்க்குத் தெற்கே பழனியிலும் ஆனைமலையிலும் வாழும் அதன் சகோதர இனமான வெண்வயிற்றுச் சோலைக்கிளியை ராபின் குழுவினர் ஆராய்ந்தபோது, அண்மைக்காலத்தில் மனிதர்களால் பிரிக்கப்பட்ட சோலைகளுக்கு இடையிலும் பறவைகள் கலப்பது குறைந்திருக்கும் தடயம் தெரிந்தது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் இரண்டு சோலைகளை நடுவில் வந்த தோட்டமும் சாலையும் இரண்டு உலகங்களாக்கிவிடும்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பாலக்காட்டுக் கணவாயின் இரு பக்கத்திலும் உள்ள சோலைக்கிளிகள் பிரிந்து ஏறக்குறைய ஐம்பது லட்சம் ஆண்டுகள் ஆகின்றன என்று மரபணுக் கணக்கு சொல்கிறது. மனிதன் என்ற இனமே வராத காலம். வெண்வயிற்றுச் சோலைக்கிளியின் பாட்டையும் பதிவு செய்து ஒப்பிட்டார்கள். பழங்காலப் பள்ளத்தாக்குகளால் பிரிந்த கூட்டங்களின் பாட்டு, அண்மையில் காடு அழிந்து பிரிந்தவற்றின் பாட்டைவிட அதிகம் வேறுபட்டிருந்தது. பறவை பாட்டைக் கேட்டுக் கற்கிறது. அக்கம்பக்கத்தில் பாடுபவர்கள் குறைந்தால் கற்பதற்கும் குறைகிறது. மரத்துக்கு இப்படி ஓர் ஏற்பாடு இல்லை. செம்மரத்தின் எல்லா அறிவும் விதைக்குள் இருக்கிறது. வட்டமான, ஓரத்தில் சிறகு வைத்த நெற்று, உள்ளே ஒன்று அல்லது இரண்டு விதை. காற்றில் சுழன்று விழும் இடத்தில் அது தானே எல்லாம் தெரிந்துகொண்டு முளைக்கிறது. பறவை இனம் ஒன்றைக் கூண்டில் வைத்துக் காப்பாற்றினாலும் பாட்டைக் காப்பாற்ற இன்னொரு வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதிலும் இரண்டும் எதிரெதிர். செம்மரத்துக்கு விலை இருக்கிறது. சீனாவில் அரண்மனைக் காலத்து நாற்காலிகளுக்கும், ஜப்பானில் நரம்பு இசைக்கருவிகளின் பாகங்களுக்கும் அதைத் தேடினார்கள். அலை அலையாக ரேகை ஓடும் மரத்துக்குத் தனி விலை. பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைட்டிஸ்’ ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 1995இல் அது சேர்க்கப்பட்டது. அப்படியும் வெட்டு நிற்கவில்லை. 2015 ஏப்ரல் மாதம் சேஷாசலக் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மரம் வெட்ட வந்தவர்கள் என்று போலீஸ் சொன்னது. ஜவ்வாது மலைப் பக்கத்துக் குடும்பங்கள் பல அன்று ஆண் துணையை இழந்தன. மரத்தின் விலையில் அவர்கள் கைக்கு வருவது கூலி மட்டும். இந்த மரத்தைக் காப்பது பற்றிப் பேசும் எவரும் அந்தக் கூலிக்காரரின் ஊரில் வேறு பிழைப்பு இருக்கிறதா என்று பேசாமல் போனால் அந்தப் பேச்சு அரைகுறை என்றே நான் நினைக்கிறேன். சோலைக்கிளிக்கோ எந்தச் சந்தையும் இல்லை. அதைப் பிடிக்க எவரும் இரவில் மலை ஏறுவதில்லை. அதன் நிலம்தான் வேறு வேலைக்குத் தேவைப்படுகிறது. ஆகவே செம்மரத்துக்குக் காவல் வேண்டும். சோலைக்கிளிக்குக் காவல் வைத்துப் பயனில்லை.

மீட்பு எப்படி வேறுபடும் என்பதற்கு இரண்டு தூரத்துத் தீவுகளைக் காட்டுகிறேன். நியூசிலாந்தின் சாத்தம் தீவுகளில் ‘கருப்பு ராபின்’ என்ற சிறு பாடும் பறவை. 1980இல் உலகில் ஐந்தே ஐந்து மிச்சம். அவற்றில் குஞ்சு பொரிக்கும் நிலையில் இருந்தது ஒரே பெண் பறவை. காலில் நீல வளையம் போட்டிருந்ததால் அதை ‘ஓல்ட் புளூ’ என்றார்கள். பறவைப் பாதுகாப்பாளர் டான் மெர்ட்டனும் அவருடன் இருந்தவர்களும் அது இட்ட முட்டைகளை எடுத்து வேறொரு சிறு பறவையின் கூட்டில் அடைக்கு வைத்தார்கள். முட்டை போய்விட்டதே என்று தாய் மறுபடி இட்டது. அந்த ஒரே தாயின் வழியில் இன்று 250க்கும் மேற்பட்ட பறவைகள் இருக்கின்றன. அந்தப் பறவைக்காக ஒரு தீவில் மரமும் நட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். அதே காலத்தில், மொரீசியசுக்குக் கிழக்கே ரோட்ரிக்ஸ் தீவில், அழிந்துவிட்டதாக நினைத்திருந்த ‘கஃபே மரோன்’ என்ற காப்பிக் குடும்பத்துச் சிறு மரத்தின் கிளையை ஒரு பள்ளிச் சிறுவன் வகுப்புக்குக் கொண்டுவந்தான். உலகில் மிஞ்சியது அந்த ஒரே செடி. 1986இல் அதன் கொம்பை வெட்டி லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பினார்கள். வேர் விட்டது, பூத்தது, ஆனால் விதை பிடிக்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பறவையில் ஒரு துண்டை வெட்டி நட முடியாது. மரத்தில் முடியும். ஆனால் அதே இருபது ஆண்டில் பறவை நூற்றுக்கும் மேல் பெருகிவிட்டது, மரம் அப்போதுதான் முதல் விதையைத் தந்தது.

நான் உறுதியாகச் சொல்ல முடியாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். செம்மரத்தின் அலை ரேகை மரபில் வருவதா, மண்ணாலும் பாறையாலும் வருவதா என்பது இன்னும் முடிவாகாத விவாதம். மரபில் வருவது என்றால் நூறாண்டுக் கடத்தல் அந்த வழியையே காட்டிலிருந்து பொறுக்கி எடுத்திருக்கும். எனக்கு அந்தப் பயம் இருக்கிறது, ஆதாரம் இல்லை. தெற்கே அகத்தியமலைப் பக்கத்துச் சோலைக்கிளியைத் தனி இனம் என்று 2017இல் முன்மொழிந்தார்கள். எல்லாப் பட்டியல்களும் அதை ஒரே மாதிரி ஏற்கவில்லை. ஏற்றால் ஒவ்வோர் இனத்தின் இடமும் இன்னும் சிறிதாகும். மலை சூடேறினால் சோலைக்கிளி மேலே போகும் என்று எழுதுகிறார்கள். தர்க்கம் சரி. ஆனால் தொட்டபெட்டாவுக்கு மேலே நீலகிரியில் மலை கிடையாது.

எதற்கு உதவுவது என்று கேட்டீர்கள். தொகை சிறியது, பலனை உங்கள் காலத்தில் பார்க்க வேண்டும் என்றால் சோலைக்கிளியின் பக்கம் போங்கள். சீகை மரத்தை அகற்றிச் சோலை ஓரத்தையும் புல்வெளியையும் மீட்கும் உள்ளூர்க் குழுக்கள் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இருக்கின்றன. கையால் சீகை நாற்றைப் பிடுங்குவது முதல் நாற்றங்கால் வைப்பது வரை அவர்கள் செய்வதை ஒரு நாள் போய்ப் பாருங்கள், பிறகு கொடுங்கள். செம்மரத்துக்குத் தனியார் நன்கொடை செய்யக்கூடியது குறைவு. அங்கே தேவை மிஞ்சிய தாய் மரங்களுக்கு நாள்தோறும் காவல், தீத் தடுப்பு, மலையடிவார ஊர்களில் வேலை. இவை அரசின் கையில் இருப்பவை.

உங்கள் இரண்டு ஏக்கரைப் பற்றி. தாராளமாக நடுங்கள். ஆனால் இனத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைக்காதீர்கள். சிவப்புப் பட்டியல் காட்டில் தானாக வாழும் கூட்டத்தைத்தான் எண்ணுகிறது. வயலில் வரிசையாக நிற்பதை எண்ணுவதில்லை. சட்டப்படி வளர்ந்த மரம் சந்தைக்கு வந்தால் காட்டு மரத்தின் மீதுள்ள அழுத்தம் குறையும் என்கிறார்கள். குறையலாம். திருட்டு மரம் அதற்குள் ஒளிந்துகொள்ளவும் செய்யலாம். இரண்டையும் கண்டிருக்கிறேன் என்பதால் ஒரு பக்கம் சாய மனம் வரவில்லை. வியாபாரிகள் பன்னிரண்டு ஆண்டில் கோடி என்று சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். நன்றாக நீர் பாய்ச்சிய கொழுத்த மண்ணில் மரம் சீக்கிரம் பருக்கும், ஆனால் உள்ளே வைரம் அந்த வேகத்தில் ஏறாது. பதினைந்து வயது வயல் மரம் ஒன்றை அறுத்தபோது நான் பார்த்தேன். தொடை அளவு தண்டு, நடுவில் சிவப்பு என் கட்டைவிரல் பருமன். விதை வாங்கினால் எந்த மலையிலிருந்து வந்தது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நெற்றின் சிறகை நறுக்கிவிட்டு, மூன்று நாள் சாணிக் கரைசலில் ஊறவைத்துப் பாத்தியில் போடுங்கள். நட்ட அன்றே கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) எத்தனை மரம் என்று பதிவு செய்துவிடுங்கள். பதிவு இல்லாத செம்மரத்தை இருபத்தைந்து ஆண்டு கழித்து உங்கள் பிள்ளை வெட்டப் போனால், அது உங்கள் வயலில் வளர்ந்தது என்று நிரூபிப்பது அவருக்குப் பெரும்பாடாகிவிடும்.